இருபத்தோராவது சிப்பி

சில்வெஸ்டருக்குப் பெரிய தீர்மானங்கள் எல்லாம் சாய்மனைக் கதிரையில்தான் வரும். உடம்பை இளைக்க வைப்பது என்று போன வருஷம் தீர்மானித்தது அந்தக் கதிரையில். சிங்களம் பேசப் பழகுவது என்று அதற்கு முந்திய வருஷம் தீர்மானித்ததும் அதே கதிரையில். உடம்பு இளைக்கவில்லை, கதிரையின் துணிதான் இளைத்தது. சிங்களமும் ‘ஹரி ஹரி’க்கு மேல் ஏறவில்லை.

ஆனால் இந்த முறை விஷயம் பாரதூரமானது. பகல் இரண்டரை மணி. வயிறு நிறையச் சோறும் பாரை மீன் குழம்பும். கல்குடாக் காற்று யன்னலால் வந்து தாலாட்டிக்கொண்டிருந்தது. கண் சொருகும் நேரம் பார்த்து போனில் ஒரு வீடியோ வந்து விழுந்தது. யார் அனுப்பியது என்று பார்க்க அவருக்குப் பொறுமை இல்லை. கோட் போட்ட ஒருவர் அதில் தோன்றி, பிள்ளையின் மூளையில் தொண்ணூறு வீதம் ஐந்து வயதுக்குள் வளர்ந்துவிடும், பெற்றோரே விழித்தெழுங்கள் என்றார்.

சில்வெஸ்டர் விழித்தெழுந்தார். மகள் மெலனிக்கு நாலரை வயது.

“செசீலி! இஞ்ச ஓடி வா!”

கழுத்தில் தையல் அளவு நாடா தொங்க, வாயில் இரண்டு குண்டூசியோடு செசீலியா ஓடி வந்தாள்.

“என்ன, பாம்பா?”

“பாம்பு இல்ல. மூளை!”

“எங்க?”

“புள்ளைட மூளை. இன்னும் ஆறு மாசத்தில கதவச் சாத்தப் போகுது. நாம என்னடா எண்டா தின்டுபோட்டுப் படுத்துக் கிடக்கிறம்.”

“நான் படுக்கல்லயே,” என்றாள் செசீலியா, குண்டூசியை எடுத்துவிட்டு.

“அது வேற கதை. இண்டையில இருந்து புள்ளைய நான்தான் படிப்பிக்கிறன். நாலு மணி தொடக்கம் ஆறு மணி மட்டும். ஆரும் குறுக்கால வரக்கூடாது. நீயும்தான்.”

“எனக்கென்ன தெரியும்? நீங்க படிச்ச மனிசன். செய்யுங்க.”

‘எனக்கென்ன தெரியும்.’ கல்யாணம் முடித்து எட்டு வருஷத்தில் செசீலியா இப்படிச் சொன்ன போதெல்லாம், வீட்டில் அவள் நினைத்த ஒரு காரியம் நடந்து முடிந்திருந்தது. தையல் மெசின் வந்தது அப்படித்தான். கோழிக்கூடு வந்ததும் அப்படித்தான். இதைக் கவனிக்கச் சில்வெஸ்டருக்கு எட்டு வருஷம் போதவில்லை.

அவர் படிச்ச மனிசன் என்பதும் கொஞ்சம் ஏற்றிச் சொன்னதுதான். கணக்குப் பாடத்தில் மூன்றாம் முறைதான் தேறினார். மூன்றாம் வகுப்பில் ஏழாம் வாய்பாடு வராமல் வாங்குப் பலகையின் மேல் ஏறி நின்றவர், அந்த வருஷத்தின் பெரும்பகுதியை அங்கேயே கழித்தார். மற்றப் பிள்ளைகள் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் கிடக்கிறது. என்ட மகள் வாங்கில ஏறக் கூடாது. சிரிப்பு, பகிடி எல்லாவற்றுக்கும் அடியில் அவருக்கு இருந்த ஒரே பயம் இதுதான்.

வேடிக்கை என்னவென்றால், கணக்குக்குப் பயந்த மனிதருக்குக் கிடைத்த வேலையே எண்ணுகிற வேலை. வாழைச்சேனைத் துறைமுகத்துப் பக்கம் ஓர் ஐஸ் ஆலையில், கடலுக்குப் போகும் போட்டுகளுக்கு ஐஸ் கட்டிகளை எண்ணிக் கொடுப்பவர் அவர்தான். விடியப் போனால் பகல் ஒரு மணிக்கு வீடு.

அன்றைக்கே மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓட்டமாவடிக்குப் பறந்தார். றம்ஸீனின் கடையில் கொப்பி, பென்சில், பிள்ளைகளுக்கான படத் தாள் எல்லாம் கிடைக்கும். றம்ஸீன் இவருடைய பள்ளிக்கூடத்துச் சிநேகிதர். வாங்கில் பக்கத்தில் நின்றவர்.

“என்ன மச்சான், கடையக் காலி பண்ணப் போறியா?” என்றார் றம்ஸீன், ஆறு தாள்களைச் சுருட்டிக்கொண்டே.

“இன்னும் நாப்பது நாளில முன்பள்ளியில பெற்றோர் தினம். மேடையில என்ட மகள் இருபது மட்டும் எண்ணுவா. பிழையில்லாம. நான் படிப்பிச்சு!”

“நீயா? கணக்கா?”

கடையில் நின்ற நாலு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். ரோஷம் வந்தால் சில்வெஸ்டருக்கு வாய்க்குப் பூட்டு இல்லை.

“எண்ணாட்டி இந்த மீசைய எடுக்கிறன்! அந்த மேடையிலயே!”

“அப்ப நானும் வாறன்,” என்றார் றம்ஸீன். “கையோட ஒரு றேசரும் கொண்டு வாறன்.”

முதல் நாள் நாலு மணி. முன் அறைச் சுவரில் ஆறு தாள்களும் தொங்கின. சில்வெஸ்டர் கையில் ஈர்க்கில் ஒன்றை வைத்துக்கொண்டு சுட்டினார்.

“மகள், இது என்ன?”

“வாத்து.”

“எத்தின வாத்து?”

“இது முட்டை போடுமா அப்பா?”

“அது பிறகு. எத்தின எண்டு சொல்லு.”

“முட்டை போடாத வாத்த என்னத்துக்கு எண்ணுற?”

அடுத்த நாள் நிறம். சிவப்பு என்ற இடத்தில் மெலனிக்குப் பசித்தது, நீலத்தில் ஒண்ணுக்கு வந்தது, பச்சையில் கண்ணயர்ந்துவிட்டாள். அப்போது மணி நாலு பத்து. நாலு பன்னிரண்டுக்கு ஆசிரியரும் அயர்ந்துவிட்டார். மூன்றாம் நாள் மாணவி கட்டிலுக்குக் கீழே புகுந்துகொண்டு, “பள்ளிக்கூடம் மூடியாச்சு!” என்று அறிவித்தாள். சில்வெஸ்டர் குனிந்து பார்த்தார், கெஞ்சினார், இனிப்பு ரொபி காட்டினார். ரொபி மட்டும் கட்டிலுக்குக் கீழே போயிற்று. அவருடைய கை தானாக மீசையைத் தடவிப் பார்த்தது.

நாலாம் நாள் நாலு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது குசினியில் இருந்து செசீலியாவின் குரல் வந்தது.

“மெலனிட அப்பா! புள்ளைய முன்னுக்கே வச்சுக்கொள்ளுங்க. இஞ்சால விட்டுராதீங்க. ரெண்டு கிலோ வாவி இறால் உரிக்கக் கிடக்கு. இவ வந்தா பெரிசு வேற, சின்னது வேற எண்டு பிரிச்சுக்கிட்டு நிப்பா. எனக்கு வேல ஓடாது.”

சில்வெஸ்டர் நிமிர்ந்தார்.

“என்ன சொன்னாய்? பெரிசு வேற, சின்னது வேறயா?”

“ஓம். பிறகு எண்ண வேற செய்வா. சும்மா விளையாட்டு.”

“விளையாட்டா? அடி பைத்தியமே, அது கணிதம்! சட்டியக் கொண்டா இஞ்ச!”

“ஐயோ, ஒங்களுக்கு என்னத்துக்கு இந்த வேல? கை நாறும்.”

“அறிவு வளர்ற இடத்தில நாத்தம் என்ன, வாசம் என்ன? கொண்டா எண்டுறன்!”

மனமே இல்லாதவள் போல் செசீலியா சட்டியைக் கொண்டு வந்து வைத்தாள். உரித்ததைப் போட இன்னொரு சட்டி. கோதுக்கு ஒரு சட்டி. கை துடைக்க ஒரு துணி. எல்லாம் ஏற்கனவே வாசலில் தயாராக இருந்தது எப்படி என்று கேட்கச் சில்வெஸ்டருக்குத் தோன்றவில்லை.

மெலனி கட்டிலுக்குக் கீழே இருந்து தானாகவே வந்தாள். பெரியது ஒரு பக்கம், நடுத்தரம் ஒரு பக்கம், சின்னது ஒரு பக்கம் என்று பிரித்தாள். “இது மெலனி இறால். இது அப்பா இறால். இது அம்மா இறால்.”

“அம்மா இறால் அப்பா இறாலை விடப் பெரிசா கிடக்கே மகள்?”

“ஓம். அதான் அம்மா.”

ஆறு மணி வரைக்கும் பிள்ளை அசையவில்லை. ஐந்து ஐந்தாகப் பிரித்தாள். ‘பெரிசு, அதைவிடப் பெரிசு’ என்றாள். சில்வெஸ்டருக்குக் கண் கலங்கிவிட்டது, கையில் இறால் இருந்ததால் துடைக்க முடியவில்லை. அன்றிரவே சீ.ஆர். கொப்பி ஒன்றை எடுத்து, முதற்பக்கத்தில் ‘சில்வெஸ்டர் முறை’ என்று எழுதி, இரண்டு கோடும் இழுத்தார்.

அதன் பிறகு முறை மளமளவென்று வளர்ந்தது.

“கொடியில உடுப்புக் காயப்போடக்குள்ள இவ வந்து, சிவப்புச் சட்டைக்குச் சிவப்புக் கிளிப்தான் எண்டு அடம் பிடிக்கிறா,” என்று செசீலியா ஒரு நாள் அலுத்துக்கொண்டாள். நிறங்கள்! சில்வெஸ்டர் கூடையைப் பறித்துக்கொண்டார். “முற்றத்து மண்ணில ‘அ’ எழுதுறா, குப்பை கிடக்கிறதால எழுத்தே தெரியுதில்ல,” என்றாள் இன்னொரு நாள். எழுத்து! ஆனால் எழுத முதல் முற்றம் கூட்ட வேண்டுமே. சில்வெஸ்டர் தும்புத்தடியைத் தேட, செசீலியா, “அது உள்ளுக்குக் கூட்டுறது, முற்றத்துக்கு ஈர்க்குமாறு,” என்று திருத்திக் கொடுத்தாள். மேசையில் ஆளுக்கொரு பீங்கான், பீங்கானுக்கொரு கோப்பை என்று வைப்பது சோடி சேர்த்தல் ஆயிற்று. ஒவ்வொரு முறையும் யோசனை சில்வெஸ்டருடைய தலையில் பளிச்சென்று உதிக்கும். செசீலியா வாயைப் பிளந்து கேட்பாள். “இதெல்லாம் ஒங்களுக்கு எப்பிடித்தான் வருதோ!”

“அது ஒரு இது,” என்பார் சில்வெஸ்டர் அடக்கமாக.

அந்த இரண்டு மணி நேரமும் உள்ளறையில் தையல் மெசின் கடகடவென்று ஓடும். என்ன தைக்கிறாய் என்று ஒருநாள் கேட்டார். “பழசுகள்,” என்றாள். பாவம், கல்வியில் பங்கெடுக்க முடியாதவள், எதையாவது தைத்துக்கொண்டு இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்.

பிறகு அரிசி வந்தது.

செசீலியா பனிச்சங்கேணிப் பக்கத்தவள். வட்டையில் வயல் செய்கிற குடும்பம். நெல்லாக இருந்தாலும் அரிசியாக இருந்தாலும் அந்த வீட்டில் அளப்பதற்கு ஒரு முறை உண்டு. இரவுச் சோற்றுக்கு அரிசி அளக்கும் பொறுப்பைச் சில்வெஸ்டர் ‘தானாகவே’ கேட்டு வாங்கிய அன்று, சுண்டு என்கிற அளவுப் பேணியைக் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னாள்.

“இஞ்ச பாருங்க. அரிசியில ஒண்டு எண்டு தொடங்கக் கூடாது. லாபம் எண்டுதான் தொடங்க வேணும். அதுக்குப் பிறகு...”

அந்த நேரம் பார்த்துத் துறைமுகத்திலிருந்து போன் வந்தது. ‘அதுக்குப் பிறகு’க்குப் பிறகு அவள் சொன்னது ஒன்றும் அவர் காதில் விழவில்லை. ஓம் ஓம் என்று இரண்டு பக்கத்துக்கும் சேர்த்துத் தலையாட்டினார்.

மெலனி சுண்டை வாங்கி அளந்தாள். “லாபம். ரெண்டு. மூண்டு.”

சில்வெஸ்டர் சுண்டைப் பிடித்து நிறுத்தினார்.

“மகள், ஒண்டு எங்க?”

மெலனி பானைக்குள் எட்டிப் பார்த்தாள். “உள்ளுக்குத்தான் கிடக்கு.”

“அப்பிடி இல்ல கிளி. ஒண்டை விட்டுட்டாய். அப்பா செய்யிறதப் பாரு.” அரிசியைத் திரும்பக் கொட்டிவிட்டு ஒவ்வொன்றாக அள்ளிப் போட்டார். “லாபம். ஒண்டு. ரெண்டு. மூண்டு. விளங்கிச்சா?”

மெலனி பானையைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். பிறகு குசினி வாசலைப் பார்த்தாள். வாசலில் நின்ற செசீலியா விரலை உதட்டில் வைத்தது சில்வெஸ்டருக்குத் தெரியாது.

அவர் அன்று சரியாகச் சாப்பிடவில்லை. பிள்ளை ஒன்றைத் தவற விடுகிறது. ஏழாம் வாய்பாடு அவரை விட்டுப் போனதும் இப்படித்தான் தொடங்கியிருக்க வேண்டும். “என்ட இரத்தம்தானே,” என்றார் கவலையோடு.

“எல்லாம் வரும். இன்னும் கொஞ்சம் சோறு போடட்டா? இண்டைக்கு மிச்சம் கிடக்கு.”

மிச்சம் அன்றைக்கு மட்டும் கிடக்கவில்லை. அடுத்த நாளும் கிடந்தது. அதற்கடுத்த நாளும். மூன்று சுண்டு போட்ட பானையில் மூன்று பேரும் தின்று, இன்னொருவருக்குக் காணும் அளவு சோறு. கோழிகள் கொழுத்து நடக்க மாட்டாமல் நடந்தன.

“அளவு கூடிப்போச்சோ?” என்று கேட்டார் ஒரு நாள்.

“அளக்கிறது நீங்கதானே. எனக்கென்ன தெரியும்?”

சில்வெஸ்டர் யோசித்தார். அரிசி அதே அரிசி. சுண்டு அதே சுண்டு. புதிதாக வந்தது அந்த ஒரு சொல்தான். அவருக்கு உடம்பு சிலிர்த்தது.

“செசீலி, ஒங்கட ஆக்கள் லேசுப்பட்டவங்க இல்ல. அந்தச் சொல்லச் சொன்னா அரிசி பொலியுது!”

செசீலியா அவசரமாக உள்ளறைக்குப் போனாள். அவள் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு போனதை அவர் பக்தி என்று எடுத்துக்கொண்டார்.

நல்ல சொல்லை வீட்டோடு வைத்துக்கொள்வானேன்? அடுத்த நாளே ஐஸ் ஆலையில் முதல் போட்டுக்கு எண்ணும்போது சொன்னார். “லாபம்! ஒண்டு! ரெண்டு!” ஐஸ் கட்டிகள் ஒவ்வொரு சொல்லுக்கும் சறுக்கிக்கொண்டு போயின. அன்றிலிருந்து போட்டுக்காரர்கள் அவரிடம் காட்டிய மரியாதையைச் சொல்ல முடியாது. மற்ற எண்ணுகிறவரிடம் ஒருவரும் போகவில்லை. ‘சில்வெஸ்டர் அண்ணன் வரட்டும்’ என்று வரிசையில் நின்றார்கள். நிதுர்ஷன் என்ற போட்டுக்காரரின் மகனும் மெலனியோடு முன்பள்ளியில் படிக்கிறான். அவர் கிழமைக்கு இரண்டு தரம் ஒரு பை இறாலைக் கையில் திணித்துவிட்டுப் போனார்.

“என்னத்துக்கு இதெல்லாம்?”

“நீங்க நல்லா இருக்க வேணும் அண்ணன். இப்பிடியே எண்ணுங்க.”

மகளைப் படிப்பிக்கும் தகப்பன் என்ற புகழ் துறைமுகம் வரைக்கும் எட்டிவிட்டது என்று சில்வெஸ்டர் புரிந்துகொண்டார். அந்த இறாலையும் வீட்டில் அவரே உரித்தார்.

பெற்றோர் தினம் வந்தது. மேடையில் எண்ணுவதற்கென்று, ஞாயிறு பூசை முடிந்து கடற்கரையில் மகளோடு பொறுக்கிய சிப்பிகளை ஒரு போத்தலில் வைத்திருந்தார். காலையில் தானே எண்ணி இருபது போட்டார். முக்கியமான காரியம் என்பதால் அந்தச் சொல்லோடுதான் தொடங்கினார். மூடியில் ‘20’ என்று எழுதியும் ஒட்டினார்.

மண்டபம் நிறைந்த கூட்டம். முன் வரிசையில் றம்ஸீன், சட்டைப் பையில் றேசர். முதலில் வண்ணத்துப்பூச்சி நடனம். பதினெட்டுப் பிள்ளைகள், பதினெட்டுச் சோடிச் செட்டை, செட்டை முழுக்க மினுக்கம். மெலனி நடுவில் நின்று இரண்டு தரம் அப்பாவுக்குக் கை காட்டினாள். கூட்டம் கை தட்டிய தட்டலில் ஓடு பறந்திருக்கும்.

முன்பள்ளி நடத்துகிற சுலோஜனா ரீச்சர் ஒலிவாங்கியைப் பிடித்தார். “இவ்வளவு உடுப்பையும் ஒரு மாதத்தில் தனி ஆளாகத் தைத்துத் தந்தவர் எங்கள் செசீலியா. நாளுக்கு இரண்டு மணி நேரம் அவருக்கு எப்படிக் கிடைத்ததோ தெரியாது!”

சில்வெஸ்டர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். “பழசுகள் எண்டாய்?”

“இப்ப பழசுதானே. ஆடி முடிஞ்சுதே.”

அதற்குள் அவருடைய பேர் கூப்பிட்டாயிற்று. சில்வெஸ்டர் மேடையேறினார். ஒலிவாங்கியைக் கண்டதும் அவருக்கு ஆவேசம் வந்துவிட்டது. இறால் முறையைச் சொன்னார். உடுப்பு முறையைச் சொன்னார். முற்றத்து முறையைச் சொன்னார். “இது எல்லாம் என் சொந்த மூளையில் உதித்தவை. இதை இன்றோடு விடப் போவதில்லை. என் மகள் பெரிய பரீட்சை எழுதும் வரைக்கும் இந்த வேலைகள் அத்தனையையும் நானே செய்வேன் என்று இந்தச் சபையில் வாக்களிக்கிறேன்!”

மனைவிமார் எழுந்து நின்று கை தட்டினார்கள். கணவன்மார் தரையைப் பார்த்தார்கள்.

“மகள், எண்ணு.”

மெலனி போத்தலைக் கவிழ்த்தாள். ஒவ்வொரு சிப்பியாக எடுத்துத் தட்டில் வைத்தாள். “ஒண்டு. ரெண்டு. மூண்டு.” தெளிவான குரல். ஒன்று இருந்தது! மேடையில் ஒன்றை விடவில்லை! சில்வெஸ்டருக்கு நெஞ்சு விம்மியது. பத்து. பதினைந்து. றம்ஸீன் சட்டைப் பைக்குள் கையை விட்டார். “பத்தொம்பது. இருபது.”

சில்வெஸ்டர் இரண்டு கையையும் உயர்த்தினார். றம்ஸீன் பையிலிருந்த கையை வெளியே எடுத்தார்.

மெலனி இன்னும் ஒரு சிப்பியை எடுத்து வைத்தாள். “இருபத்தொண்டு.”

மண்டபம் சலசலத்தது. சில்வெஸ்டர் குனிந்து, ஒலிவாங்கி பக்கத்தில் இருப்பதை மறந்து கிசுகிசுத்தார். “மகள், இருபதுதான். அப்பா எண்ணிப் போட்டது.”

“இல்ல அப்பா. இருபத்தொண்டு.”

“இருபது கிளி. மூடியில எழுதிக் கிடக்கு.”

ரீச்சர் வந்து எண்ணினார். இருபத்தொன்று. றம்ஸீன் மேடையேறி எண்ணினார். இருபத்தொன்று. சில்வெஸ்டரே எண்ணினார். பழக்க தோஷம், வாய் தானாக, “லாபம், ஒண்டு...” என்று தொடங்கியது.

மெலனி அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள். “அப்பா, லாபம்தான் ஒண்டு. லாபம் எண்டா பிறகு ரெண்டு சொல்ல வேணும். நீங்க லாபத்தையும் எண்ணி ஒண்டையும் எண்ணுறீங்க. அதான் ஒண்டு கூடுது. சோத்திலயும் அப்பிடித்தான்.”

பனிச்சங்கேணிப் பக்கத்துச் சனம் முதலில் சிரித்தது. பிறகு மண்டபமே சிரித்தது. பானைக்குள் பொலிந்த அரிசி, நடக்க மாட்டாத கோழிகள், அன்று மகள் தவற விட்ட ‘ஒண்டு’, எல்லாம் சில்வெஸ்டரின் கண் முன்னே வரிசையாக வந்து நின்றன. கடைசியாக ஐஸ் கட்டிகளும் வந்து நின்றன. போட்டுக்கு ஒன்று கூடுதலாக, நாளுக்குப் பதினைந்து போட்டு, மூன்று கிழமை. அவர் நிமிர்ந்து நிதுர்ஷனைத் தேடினார். நிதுர்ஷன் தலையைக் குனிந்துகொண்டு பின் கதவால் மெல்ல வெளியேறிக்கொண்டிருந்தார்.

ரீச்சர் சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டார். “மெலனிக்குத் தெரிந்திருந்தும் ஏன் அப்பாவுக்கு முதலே சொல்லல்ல?”

மெலனி ஒலிவாங்கிக்குள்ளேயே சொன்னாள். “அம்மா சொன்னவ, அப்பா இப்பதான் படிக்கிறார், ஆறுதலா வருவார், பேசக் கூடாது எண்டு.”

சிரிப்பு அடங்க ஐந்து நிமிஷம் ஆயிற்று. மூன்றாம் வகுப்பு வாங்கில் கேட்ட அதே சிரிப்புத்தான். ஆனால் சில்வெஸ்டருக்கு இந்த முறை உறைக்கவில்லை. நாலரை வயதுப் பிள்ளை, தகப்பன் எங்கே பிழைக்கிறார் என்று கண்டுபிடித்து, ஏன் பிழைக்கிறார் என்றும் கண்டுபிடித்திருக்கிறது. வாங்கில் ஏறுகிற பிள்ளையா இது? அவர் மகளைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். அந்த மேடையில் அவரைவிடப் பெருமையாக நின்ற மனிதர் ஒருவரும் இல்லை.

“மச்சான்,” என்றார் றம்ஸீன். “நீ சொன்னது இருபது. புள்ள எண்ணினது இருபத்தொண்டு. மீசை இரிக்கட்டும்.”

மோட்டார் சைக்கிளில் வீடு திரும்பும்போது மெலனி முன்னால், செசீலியா பின்னால். கொஞ்சத் தூரம் போனதும் சில்வெஸ்டர் வேகத்தைக் குறைத்தார்.

“செசீலி, ஒண்டு கேக்கட்டா?”

“கேளுங்க.”

“இறால் யோசனை ஆர்ர?”

“ஒங்கடதான்.”

“உடுப்பு?”

“ஒங்கடதான். கொப்பியில எழுதிக் கிடக்கே.”

“உண்மையச் சொல்லு.”

காற்றுக்கு மேலால் அவள் சிரிப்பது கேட்டது. “தாய்மார் கூட்டத்தில ரீச்சர் சொன்னவ, வீட்டு வேலையோட வேலையா புள்ளைக்குப் படிப்பியுங்க, தகப்பன்மாரையும் சேருங்க எண்டு. எங்கட மனிசன்மார் சேரமாட்டாங்க எண்டு எல்லாரும் சிரிச்சாங்க. நான் சொன்னன், என்ட மனிசன் சேருவார், ஆனா யோசனை அவர்ர தலையில இருந்துதான் வரவேணும் எண்டு.”

“எப்ப நடந்த கூட்டம்?”

“நீங்க வீடியோ பார்த்தீங்களே, அண்டைக்குக் காலம்பற.”

சில்வெஸ்டர் வண்டியை ஓரம் கட்டினார். போனை எடுத்தார். நாற்பது நாள் முந்திப் போய்த் தேடினார். கோட் போட்ட மனிதர் அப்படியே இருந்தார். அவருக்கு மேலே அனுப்பியவரின் பேரும் இருந்தது.

“இதை எனக்கு அனுப்பினது நீயா?”

“எனக்கென்ன தெரியும்?” என்றாள் செசீலியா.

அவர் கோபப்படப் பார்த்தார், வரவில்லை. எட்டு வருஷம் இப்படி ஒரு மூளைக்குப் பக்கத்தில் குடியிருந்திருக்கிறோமே என்று பெருமையாகத்தான் இருந்தது. ஐஸ் ஆலை முதலாளியிடம் நாளைக்கு விஷயத்தை எப்படிச் சொல்வது என்றும் அவளிடமே கேட்கலாம் என்று வண்டியை எடுத்தார்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகச் சுண்டைத் தேடி எடுத்தார். மெலனி செட்டையைக் கழற்றாமலே பக்கத்தில் வந்து குந்தினாள். சில்வெஸ்டர் மிகக் கவனமாக அளந்தார்.

“லாபம்.” மகளின் முகத்தைப் பார்த்தார். “ரெண்டு. மூண்டு.”

மெலனி பானைக்குள் எட்டிப் பார்த்தாள். பிறகு பேனையை எடுத்து, ரீச்சர் போடுவது போலவே, அவருடைய புறங்கையில் ஒரு நட்சத்திரம் போட்டாள். சில்வெஸ்டரின் வாழ்க்கையில் கணக்குக்கு அவர் வாங்கிய முதல் நட்சத்திரம் அது. கையைத் திருப்பித் திருப்பி அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மெலனி குசினிப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தாள்.

“அம்மா, அப்பா பாஸ்! நாளையில இருந்து பீங்கான் கழுவப் பழக்குவமா?”